மட்டி ஓட்டுத் தூண்கள்

அந்தச் சுத்தியலக் கொஞ்சம் கீழ வைங்க சார். உச்சி வெயில்ல வந்திருக்கிய, மொதல்ல இந்தக் கலரக் குடிங்க. வலைக்கூடம் எங்கயும் ஓடிப் போயிராது. அந்தா, சன்னல் வழியாப் பாருங்க, தெரியுதுல்லா? எட்டுத் தூணு, மேல காங்கிரீட்டுக் கூரை. கீழ பதினஞ்சு ஆம்பளைய உக்காந்து வலையச் சரி பாக்கானுவ. மீன்பிடித் தடைக்காலம் முடிய மூணு நாளுதான் கெடக்கு. மூணாம் நாளு அத்தன போட்டும் கடலுக்குப் போவணும். இப்பப் போயி நீங்க, எல்லாரும் எந்திரிங்க, தூணத் தட்டிப் பாக்கணும்னு சொன்னா, உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டானுவ. என்னையத்தான் ஏசுவானுவ. குழுத் தலைவி நான்லா. அஞ்சு நிமிசம் உக்காருங்க. நான் சொல்லுததக் கேட்டுட்டு அப்புறம் தட்டுங்க, தட்டாமப் போங்க, அது உங்க இஷ்டம்.

கடுதாசி வந்துச்சுன்னு சொன்னிய. பேரு போடாத கடுதாசி. பேரு வேற போடணுமாக்கும்! எழுதுனவ யாருன்னு எனக்குத் தெரியும். அமலோற்பவம். என் ஓரகத்தி. எங்க வீட்டு ஆளுக்கு ஒரே தம்பி, ராயப்பன், அவன் பொண்டாட்டி. வேண்டாம், நீங்க பையத் தொறக்க வேண்டாம், காயிதத்தக் காட்ட வேண்டாம். அவ என்ன எழுதியிருப்பான்னு நானே ஒப்பிச்சிருவேன். ரெண்டு வருசமா அவ வாயில இருக்கது ஒரே பாட்டுத்தான்.

வாசல் முத்தத்துல ஒருத்தரு தனியா வலை பின்னுதாவள்லா, அதுதான் எங்க வீட்டு ஆளு. சூசை. அவியளக் கண்டுக்கிடாதிய, பேச மாட்டாவ. கல்யாணமாயி இருவத்தாறு வருசத்துல அவிய என்ட்ட பேசுனத ஒரு தீப்பெட்டிக்குள்ள போட்டு மூடிரலாம்.

ஆரம்பத்துலேருந்து சொல்லுதேன். அப்பத்தான் உங்களுக்கு வெளங்கும்.

ஊருக்கு வடக்க ஒரு மட்டிக் கம்பெனி இருக்கு. மட்டின்னா தெரியும்லா, சிப்பிக்குள்ள கறி இருக்குமே, அது. வேவிச்சு, கறிய எடுத்து, ஐஸ்ல போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பிருவானுவ. மிச்சம் கெடக்க சிப்பி ஓட்டை எங்க போடுவானுவ? எங்க வீட்டுக்குப் பொறத்தாலதான். பாதிப் பனை உசரத்துக்குக் குமிஞ்சு கெடந்துச்சு. ஓட்டுல ஒட்டியிருக்க கறி அழுகி, அந்த நாத்தம் இருக்கே, எங்களுக்கே கொடலப் பெரட்டும். சோத்துல ஈ. தொட்டில்ல ஈ. பூசையில சாமியாரு வாயத் தொறந்தா அங்கயும் ஈ. எத்தன மனு குடுத்தோம் தெரியுமா? ஒரு பய திரும்பிப் பாக்கல.

அப்பத்தான் உங்க காலேசுலேருந்து குற்றாலநாதன் சாரு வந்தாரு. உங்களுக்கு முன்னால இருந்தவரு, இப்ப மாத்தலாகிப் போயிட்டாருன்னு சொன்னிய பாருங்க, அவருதான். நல்ல மனுசன். மூக்கப் பொத்தாம அந்தக் குமியல் மேல ஏறி நின்னாரு. இது குப்பை இல்லம்மா, இது கல்லுன்னாரு. நொறுக்கி, ஜல்லிக்குப் பாதியாப் போட்டு, சிமெண்டுல கலந்தா நடபாதைக்குக் கல்லு செய்யலாம், அலை அரிக்க எடத்துல கரை கட்டலாம்னாரு. சொன்னதோட நிக்காம மிஷினும் வாங்கிக் குடுக்க ஏற்பாடு பண்ணுனாரு. பதினோரு பொம்பளைய சேந்தோம். என்னையத் தலைவியாப் போட்டாவ. ஒரே வருசத்துல அந்த ஓட்டு மலை கரைஞ்சு போச்சு தம்பி. தம்பின்னு சொல்லலாம்லா? என் அக்கா மவன் வயசுதான் இருக்கும் உங்களுக்கு.

சாரு ஒண்ணே ஒண்ணுதான் திரும்பத் திரும்பச் சொன்னாரு. நல்ல தண்ணியில மூணு தடவ கழுவணும், மூணு நாளு வெயில்ல காயப் போடணும். உப்பு போவணும் பிரகாசியம்மா, உப்பு போவணும்னு வாய் வலிக்கச் சொன்னாரு.

சொல்லுவாரு. அவரு வீட்டுல கொழாயத் தொறந்தா தண்ணி வரும். எங்க ஊர்ல மூணு நாளைக்கு ஒருக்க லாரி. வீட்டுக்கு எட்டுக் குடம். குடிக்க, சோறு பொங்க, பிள்ளையளக் குளிப்பாட்ட, எல்லாத்துக்கும் அந்த எட்டுதான். ஒரு நாளு ஓடு கழுவ நாப்பது குடம் வேணும். அழுகுன ஓட்டுக்கு நாப்பது குடம் குடிதண்ணி! மனசாட்சி உள்ளவ ஊத்துவாளா?

கண்ணுக்கு எதுக்க அவ்வளவு பெரிய கடலு கெடக்கு. நாங்க மீனைக் கடல் தண்ணியிலதான் கழுவுவோம் தம்பி. நல்ல தண்ணி பட்டா மீனு கொழகொழன்னு ஆயிரும், ருசியும் போயிரும். கால்ல முள்ளு குத்துனா கடல் தண்ணி. பிள்ளைக்குச் சொறி வந்தா கடல்ல முக்கி எடுப்போம். செத்த வீட்டுக்குப் போயிட்டு வந்தா கால நனைக்கதும் அங்கதான். அத விடச் சுத்தமா ஒரு தண்ணி உண்டா? கடல்லேருந்து வந்த ஓட்டைக் கடல்ல கழுவுனா என்ன கொறஞ்சு போவும்? கூடையில அள்ளி, இடுப்பளவு தண்ணியில நின்னு, அலையில அலசி அலசி எடுத்தோம். சாரு மூணு தடவன்னாரு, நான் அஞ்சு தடவ அலச வச்சேன். ஓடு ஒவ்வொண்ணும் பீங்கான் மாதிரி மின்னும்.

சாரு வந்து கையில அள்ளிப் பாத்தாரு. அருமையாக் கழுவியிருக்கிய, நல்ல தண்ணிதானேன்னு கேட்டாரு. ஆமா சார்னேன். அந்த மனுசன் மனசு எதுக்குச் சங்கடப்படணும்?

அமலி பக்கத்துல நின்னா. ஒரு பார்வை பாத்தா பாருங்க, இன்னைக்கும் மறக்கல. அன்னையிலேருந்து அவ கூடைய அவ தனியாக் கழுவ ஆரம்பிச்சா. எட்டுக் குடத்துல மூணு குடத்த எடுத்துட்டு வந்து, கால் மடக்கி உக்காந்து, சட்டியில ஊறப் போட்டு, தேய்ச்சுத் தேய்ச்சு. நாங்க பத்துக் கூடை கழுவி முடிக்கையில அவ ஒரு கூடை முடிச்சிருப்பா. என்னட்டி, முத்து எடுக்கப் போறியான்னு எல்லாரும் கேலி பண்ணுனோம். அக்கா, சாரு சொன்னத ஒருக்கயாவது செஞ்சு பாப்போமேம்பா. பெரிய இவ.

அவ பயத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும். சொல்லுதேன். சுனாமிக்குப் பொறவு காலனி கட்டிக் குடுத்தாவள்லா, அதுல அவளுக்கு ஒரு வீடு. எந்த ஊருக் கண்ட்ராக்டரோ, கடக்கரை மண்ணை அப்படியே அள்ளிப் போட்டுக் கட்டிட்டான் களவாணிப் பய. உப்பு மண்ணுக்குள்ள கம்பி நிக்குமா தம்பி? நாலு வருசத்துல கம்பி துருப்பிடிச்சு வீங்கி, கூரை பொளந்து, ஒரு பாளம் தொட்டில் மேல விழுந்துச்சு. பிள்ளை அந்நேரம் அமலி இடுப்புல இருந்ததால பொழச்சுது. ஊரே கூடி மண்ணை வாரித் தூத்துனோம். நான்தான் மொத ஆளா நின்னு ஏசுனேன். உப்பப் போட்டு வீடு கட்டுனவன் வெளங்குவானா, அவனையும் அவன் குடும்பத்தையும் அதுக்குள்ள படுக்க வைக்கணும்னு ரோட்டுல நின்னு கத்துனேன். இன்னைக்கு அவனக் கண்டாலும் கத்துவேன்.

அதுலேருந்து அமலிக்கு உப்புன்னாலே பேயக் கண்ட மாதிரி. அதும் இதும் ஒண்ணா? அவன் தெரிஞ்சே செஞ்சவன். நாங்க ஊருக்காகச் செய்யுதோம்.

நீங்க நடந்து வந்தியளே, கோயில்லேருந்து கடக்கரை வரைக்கும் பாதை, அது எங்க கல்லுதான். போன புயல்ல தார் ரோடு பேந்து போச்சு, எங்க கல்லு ஒண்ணு அசையல. என்ன சொல்லுதிய? பாதைக்கல்லுல கம்பி கெடையாதா? ஆமா, கெடையாது. அதனால என்ன?

பாதையப் பாத்துட்டுத்தான் வலைக்கூடம் கட்ட உத்தரவாச்சு. அதுக்குத் தூணு, கூரை எல்லாத்துக்கும் உள்ள கம்பி போவும்லா, ஓட்டைச் சோதிச்சுப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்னு சாரு மாதிரிக்குக் கொஞ்சம் ஓடு கேட்டாரு. ஒரு பை நெறயக் குடுத்து விட்டேன். எந்த ஓடா? அமலி கூடை பக்கத்துல இருந்துச்சு, அதுலேருந்து அள்ளிக் கட்டுனேன். கைக்குக் கெடச்சது அது. சோதனையில உப்பே இல்லன்னு வந்துச்சு பாத்துக்கிடுங்க. சாருக்கு ஒரே சந்தோசம்.

காங்கிரீட்டு போடுத அன்னைக்கு அமலி வந்து என் கையப் பிடிச்சா. அக்கா, இதுல கம்பி இருக்கு, சாருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருங்க, உங்களுக்குச் சங்கடமா இருந்தா நான் சொல்லுதேன்னா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். கலவை மிஷினு ஓடிட்டு இருக்கு, சாமியாரு மந்திரிக்க வந்து நிக்காரு, ஒம்போது பொம்பளைய பாத்துட்டு நிக்காளுவ. தள்ளி நில்லுட்டின்னு தள்ளிட்டேன். விழல, சும்மா சாஞ்சா. அன்னையோட குழுவ விட்டுப் போயிட்டா. போறதுக்கு முந்தி ஒரு தூணுக்கு மட்டும் அவ கழுவுன ஓட்டையே போட வச்சுட்டா, பிடிவாதக்காரி. ஏழாந் தூணு. காங்கிரீட்டு போட்டா ரெண்டு வாரம் நனைச்சுக்கிட்டே இருக்கணும்லா? நாங்க சாக்கச் சுத்தி, கடல் தண்ணிய மோந்து மோந்து ஊத்துனோம். அவ அந்த ஒரு தூணுக்கு வீட்டுலேருந்து குடம் சொமந்தா. கிறுக்குப் பிடிச்சவட்ட என்னத்தச் சொல்ல?

தெறப்பு விழாவுக்கு எத்தன கார் வந்துச்சு தெரியுமா! என்னைய மேடையில ஏத்தி மைக்கக் கையில குடுத்தாவ. குப்பையில கோபுரம் கட்டுன பொம்பளைன்னு ஒரு பத்திரிகையில போட்டான். அந்தா செவத்துல இருக்கு, பாருங்க. மூணு ஊருலேருந்து பொம்பளைய எங்கிட்ட படிக்க வந்தாளுவ. இப்பத் தெக்குப் பக்கம் கடலரிப்புக்குக் கரை கட்ட எங்க கல்லத்தான் கேக்காவ. இந்த நேரத்துல நீங்க சுத்தியலத் தூக்கிட்டு வந்தா? கூடம் சரியில்லன்னு ஒரு வார்த்தை எழுதிட்டா, பத்துக் குடும்பம் தம்பி. மிஷினு நிக்கும். கம்பெனிக்காரன் மறுபடி எங்க வீட்டுப் பொறத்த ஓட்டைக் கொட்டுவான். மறுபடி அந்த நாத்தம், அந்த ஈ. எனக்காகச் சொல்லல.

கோடா? ஆமா, கோடு இருக்கு. யாரு இல்லன்னா?

தடைக்காலம் தொடங்க ரெண்டு நாளு இருக்கையில பாத்தேன். கூடத்தக் கூட்டிப் பெருக்கப் போனேன், நாலாந் தூணுல மேலேருந்து கீழ ஒரு கோடு. முடி கனம்தான். பழுப்பாத் தண்ணி வடிஞ்ச மாதிரி. அடுத்த தூணப் பாத்தேன், அதுலயும். ஏழு தூணுலயும் இருந்துச்சு. ஏழாந் தூணுல இல்ல, மத்த ஏழுலயும். ஏன்னு எனக்கென்ன தெரியும்? வெள்ளை அடிச்சு விட்டேன். கோயில் திருவிழாவுக்கு அடிக்கலியா, அது மாதிரி. பத்து நாள்ல அந்தப் பழுப்பு திரும்ப எட்டிப் பாத்துச்சு. அப்புறம் ஒரு நா காலையில, யாரும் இல்ல, கூரையிலேருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு கீழ கெடந்துச்சு. எடுத்துப் பாத்தேன், அதுல கம்பித் துரு அப்பியிருந்துச்சு, அடை அடையா. கை பூரா செவப்பு. முந்தியில முடிஞ்சுக் கொண்டு போயிக் கடல்ல எறிஞ்சுட்டுக் கையக் கழுவுனேன். பூச்சுதான் தம்பி. பூச்சு உதுறதெல்லாம் எல்லாக் கட்டடத்துலயும் உள்ளதுதான்.

எங்க எந்திரிக்கிய? உக்காருங்கன்னேம்லா. இன்னும் சொல்லி முடிக்கல.

அமலி கண்ணுல அந்தக் கோடு படாம இருக்குமா? நான் பாத்த மறுநாளே அவளும் பாத்துட்டா. புருசன அங்க உக்காரக் கூடாதுன்னுட்டா. ராயப்பன் அவ பேச்சக் கேட்டுட்டு வீட்டுக்குப் பின்னால உக்காந்து வலை பின்னுனான். ஊருக்குள்ள மொணுமொணுப்பு. ஏன், என்னாச்சு, பிரகாசி கட்டுன கூடத்துல கொழுந்தனே உக்கார மாட்டேங்கானேன்னு. எனக்கு எப்படி இருக்கும்? நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தப்ப அவனுக்கு ஒம்போது வயசு. தாயில்லாப் பிள்ளை. என் தட்டுல தின்னு, என் சேலைத் தலப்புல வாயத் தொடைச்சு வளந்தவன். ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு கோயில் வாசல்ல அத்தன பேரும் நிக்கையில கேட்டுட்டேன். ஏலே, பொண்டாட்டி அனுமதி குடுத்தாத்தான் மூச்சு விடுவியோ, கூரை விழுந்துரும்னு பயந்து கெடக்க நீயெல்லாம் எப்படிலே கடலுக்குப் போறன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சானுவ. அவன் மொகம் செத்துப் போச்சு. மறுநாள் காலையில வலையத் தூக்கிட்டு வந்து நாலாந் தூணுலயே சாஞ்சு உக்காந்துட்டான். அந்தா, மஞ்சச் சட்டை தெரியுது பாருங்க, அவன்தான். நானா நாலாந் தூணுல போயி உக்காருன்னு சொன்னேன்?

அமலி தெனமும் மத்தியானம் சோத்துத் தூக்குவாளிய எடுத்துட்டு வருவா. கூரைக்கு வெளியவே நிப்பா. அவன் தின்னு முடிக்க வரைக்கும் கூரையவே பாத்துட்டு நிப்பா. எம் பக்கம் திரும்ப மாட்டா.

என்ன? எங்க வீட்டு ஆளு ஏன் இந்த வெயில்ல உக்காந்திருக்காவளா?

அது... அவியளுக்கு இங்கதான் காத்து நல்லா வரும். நான்தான் சொன்னேன். அங்க கூட்டத்துல உக்காந்தா பேச்சுல வேல ஓடாது, இங்கனயே உக்காருங்கன்னேன். எப்பவா? தடைக்காலம் தொடங்குன அன்னைக்கே. நெழலு இல்லதான். அதுக்கென்ன இப்ப? தலையில துண்டு போட்டுருக்காவள்லா. அவிய ஒரு வார்த்தை ஏன்னு கேக்கல. வலையத் தூக்கிட்டு வந்து உக்காந்துட்டாவ. நான் சொன்னாக் கேப்பாவ, அவ்வளவுதான். இதுல என்ன இருக்கு? நீங்க ஏன் தம்பி என்னைய அப்படிப் பாக்கிய?

சரி, குடுங்க. அந்தக் கடுதாசியக் குடுங்க. அவ எழுதுனத நானே படிச்சுக் காட்டுதேன். எம்புட்டு வெசம்னு நீங்களே பாருங்க. குடுங்கங்கேன்.

"ஐயா அவர்களுக்கு. வலைக்கூடத்துல தூண் வெடிச்சிருக்கு. மேல வெள்ளை அடிச்சு மறைச்சிருக்கு. கடல் தண்ணியில கழுவின ஓடு." பாத்தியளா? நான் சொன்னேம்லா, அதே பாட்டுதான். "சொன்னா வீட்டுல கேக்க மாட்டாங்க. போட்டு கடலுக்குப் போறதுக்கு முன்னாடி வந்து பாருங்க. கீழ என் தம்பி உக்காந்திருக்கான்."

என் தம்பி.

என் புருசன்னுல்லா அவ எழுதணும்.

கொஞ்சம் இருங்க தம்பி. பேசாதிய.

எங்க வீட்டு ஆளு ஊசியக் கீழ வச்சுட்டாவ. பாருங்க. வலையில கை இல்ல. இங்கதான் பாக்காவ. என்னையத்தான் பாக்காவ.

ரெண்டு மாசம் தம்பி. ரெண்டு மாசமா இந்த வெயில்ல. காத்து நல்லா வரும்னு நான் சொன்னத நம்பித்தான் உக்காந்திருக்காவன்னு நெனச்சேன்.

இல்ல, சுத்தியல நீங்க எடுக்காதிய. நீங்க சொன்னா அவனுவ எந்திரிக்க மாட்டானுவ. மூணு நாளு வேல கெடக்கு, போயா அங்கிட்டும்பானுவ. நான்தான் சொல்லணும். ராயப்பனச் சோறு திங்கக் கூப்பிட்டா வந்துருவான். மதினி கூப்பிட்டா இன்னைக்கும் வருவான். மத்த பதினாலு பேரு? எங்க வீட்டு ஆளுக்கு ஒரு சாக்கு சொன்னேன். பதினாலு பேருக்கும் நான் என்ன சாக்குச் சொல்ல?

வாசல மறிக்காதிய, வெலகுங்க.

ஏலே ராயப்பா! எந்திரிலே! மிக்கேலு, சிலுவை, எல்லாரும் எந்திரிங்க! வலைய அங்கனயே போட்டுட்டு வெளிய வாங்க! நாலாந் தூணுல கை வைக்காதலே, கையெடு! என்னத்துக்கா? அமலி சொன்னது அத்தனையும் நெசம்லே! நான் பாத்துட்டேன், ரெண்டு மாசம் முந்தியே பாத்துட்டேன்! கடல் தண்ணியிலதாம்லே கழுவுனேன், ஓடுங்கலே வெளிய!